ராமநாதபுரம் கடலோர வீட்டுக் காய்கறித் தோட்டம்: தண்ணீரில் தொடங்கி விதையில் முடியும் முழுமையான வழிகாட்டி

எங்கள் கடற்கரையில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக விதை வாங்குகிறார்கள். அடுத்த வாரம் பை, அதற்கடுத்த வாரம் மண். தண்ணீரைப் பற்றி யோசிப்பது செடி கருகிய பிறகுதான். உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊர் வீட்டைப் பார்த்தாலும் இதே கதைதான். உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. வேலைகளின் வரிசை தலைகீழாகப் போய்விடுகிறது.

இங்கே வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு காற்று, பிறகு வேலி, பிறகு மண், பிறகு மழை, எல்லாவற்றுக்கும் கடைசியில் விதை. ஆனியில் தொடங்கினால் ஐப்பசியில் நடலாம். நான்கு மாதம் என்றதும் மலைக்க வேண்டாம். வேலை நாள்களை மட்டும் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு நாள்கள்தான் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தண்ணீரின் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி. காவோலை (காய்ந்த பனையோலை) அல்லது தென்னை மட்டை ஒரு வண்டி. மக்கிய ஆட்டுப் புழுக்கையோ தொழு உரமோ நான்கைந்து மூட்டை. பூச்சு இல்லாத சுட்ட மண்பானைகள் சில. மழைநீர் பிடிக்க ஒரு தொட்டி. இந்தப் பட்டியலில் மீட்டரை மட்டும் தவிர்க்கவே முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது மாற்று உண்டு.

முதல் ஆண்டில் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். அதற்கு மேல் போனால் கோடையில் தண்ணீர் சுமந்தே சலித்துவிடுவீர்கள்.

1. கோடையின் கடைசியில் தண்ணீரை அளந்து விடுங்கள்

கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு நல்ல நீர்ப் படலமாக மிதக்கிறது. மெதுவாக இறைத்தால் நல்ல நீர் வரும். பெரிய மோட்டாரை வைத்து விடாமல் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி வந்துவிடும். ஒரே கிணறு காலையில் ஒரு சுவையும் மாலையில் வேறொரு சுவையுமாக இருப்பது இதனால்தான்.

ஆகவே இரண்டு முறை அளக்க வேண்டும். மோட்டார் போட்டதும் ஒரு முறை, அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு இன்னொரு முறை. இரண்டாவது எண்தான் உங்கள் தோட்டத்தின் எண். அளப்பது வைகாசி, ஆனியில் இருக்கட்டும். மார்கழியில் அளந்தால் மழைநீர் கலந்து எல்லாக் கிணறும் நல்ல கிணறாகவே தெரியும்.

லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை இருந்தால் எதை வேண்டுமானாலும் வளர்க்கலாம். 450 முதல் 1,000 வரை என்றால் கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் வரும். ஆனால் ஒன்பதாவது படியில் சொல்லியிருக்கும் பாசன முறையை விடாமல் பின்பற்ற வேண்டும். 1,000 முதல் 2,000 வரை இருந்தால் கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட், பருப்புக்கீரை என்று உப்பைத் தாங்கும் பயிர்களோடு நின்றுகொள்ளுங்கள். 2,000க்கு மேல் போய்விட்டால் அந்தக் கிணற்றுநீரைக் காய்கறிக்கு விடாதீர்கள். மழைநீரை நம்பித் தொட்டிச் செடிகள் நான்கு வளர்ப்பது மேல்.

மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கருவி பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. அளந்து பாருங்கள், கிணற்றுநீரைவிட எண் கூடுதலாகவே காட்டும். அதைத் தரை கழுவ வையுங்கள். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் இதற்கு நேர் எதிர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு குடம் சேர்ந்தாலும் நாற்றுகளுக்கு அது பெரிய உதவி.

மழைநீர்த் தொட்டியையும் இப்போதே பொருத்திவிடுங்கள். 500 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் இறங்கும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். கோடை முழுவதும் கடற்காற்று கூரையில் படியவைத்த உப்பும் தூசியும் அந்த மழையோடுதான் கழுவி வரும்.

2. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து இடம் குறியுங்கள்

இங்கே செடியைக் கொல்வதில் வெயிலைவிடக் காற்றுக்குப் பங்கு அதிகம். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கும் கீழக்கரை, ஏர்வாடி வீடுகளுக்குக் கச்சான் கடலிலிருந்து நேராக வரும். பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் தேவிபட்டினம், தொண்டி வீடுகளுக்கு வாடையோடு உப்பு வரும். உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தோட்டத்தின் இடம்.

வீட்டுச் சுவரே நல்ல மறைப்பு. கச்சான் அடிக்கும் வீட்டில் வடகிழக்கு மூலையும், வாடை கடுமையாக இருக்கும் வீட்டில் தென்புறமும் தோட்டத்துக்கு ஏற்றவை. குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் உமரி என்னும் உப்புநிலப் பூண்டு தானாக முளைத்திருந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். உமரி நிற்கும் மண் உவர்மண். அதுதான் இருக்கும் ஒரே இடம் என்றால் தரையில் நடாமல், ஒன்றரை அடி உயரத் தொட்டி கட்டி வெளிமண் நிரப்பிக்கொள்ளுங்கள்.

3. வேலி: காற்றை வடிகட்டவும் ஆட்டைத் தடுக்கவும்

காற்றுக்கு முழுச் சுவர் எழுப்புவது பயன் தராது. சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று செடியின் தலையிலேயே இறங்கும். பாதிக் காற்று உள்ளே நுழைந்து பாதி நிற்கும்படியான வேலிதான் சரி. பனையோலைத் தட்டியை நெருக்கிப் பின்னாமல் விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் கட்டும் ஓலைப்படல் இந்த அளவில்தான் இருக்கும்.

தட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே அதற்கு வெளியே கிளுவைப் போத்தும் ஆடாதொடையும் ஊன்றுங்கள். கிளுவை வறட்சியைத் தாங்கும். ஆடாதொடையை ஆடு கடிக்காது. அகத்தியை வேலியின் உட்புறம் வையுங்கள். வெளியே வைத்தால் தெருவில் போகும் ஆடு ஒரே காலையில் மொட்டையடித்துவிடும்.

பழைய மீன்வலையை வேலிக்கும் பந்தலுக்கும் பயன்படுத்துவது இங்கே வழக்கம், நல்ல வழக்கமும்கூட. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வலையில் உப்பு ஊறியிருக்கும்; இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசிய பிறகே கட்டுங்கள். தங்கூசி (நைலான் ஒற்றையிழை) வலை வேண்டாம், தடித்த நூல் வலை மட்டுமே நல்லது. மெல்லிய தங்கூசியில் மயிலின் காலும், எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காத சாவு அது.

4. மண்: சேர்க்கும் பொருளில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

கடற்கரை மணலுக்கு இரண்டு குறைகள். தண்ணீரையும் நிறுத்தாது, சத்தையும் நிறுத்தாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கிய பொருள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பெரிய கூடை மக்கிய ஆட்டுப் புழுக்கை அல்லது தொழு உரம், ஒரு கூடை கண்மாய் வண்டல் என்று போட்டு, ஒரு சாண் ஆழம் வரை கொத்திக் கலக்குங்கள். வண்டல் மணலுக்கு ஒட்டும் தன்மையைக் கொடுக்கும். கண்மாயில் நாமாக அள்ளக் கூடாது. அனுமதி பெற்று எடுத்தவர்களிடம் வாங்குங்கள்.

புதுப் புழுக்கையை அப்படியே போட்டால் சூடும் உப்பும் சேர்ந்து வேரைச் சுடும். குவித்து, நனைத்து, ஓலையால் மூடி மூன்று மாதம் விடுங்கள். கையில் எடுத்தால் புழுக்கையின் உருண்டை உதிர்ந்து, மழை மண்ணின் வாசனை வர வேண்டும்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியைப் பலரும் வாங்குகிறார்கள். அதிலும் உப்பு உண்டு. நான் செய்வதைச் சொல்கிறேன். கட்டியைப் பெரிய அண்டாவில் ஊறவைத்து, ஒரு பழைய வேட்டியில் கொட்டிப் பிழிந்து, பிழிந்த நீரில் மீட்டரை வைப்பேன். முதல் பிழிவில் தேநீர் நிறத்தில் நீர் வரும், எண்ணும் எகிறும். மறுபடி நல்ல நீரை ஊற்றி ஊறவைத்துப் பிழிவேன். பிழிந்த நீரின் எண் ஊற்றிய நீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை நிறுத்துவதில்லை. வழக்கமாக மூன்று அலசல் பிடிக்கும்.

கரையில் ஒதுங்கும் பாசியையும் கடற்புல்லையும் அள்ளிவந்து நேராகப் பாத்தியில் பரப்புகிறவர்களையும் பார்க்கிறேன். வேண்டாம். அது சுமந்து வருவது கடல் உப்பு.

உங்கள் மணலில் சிப்பித்துகள் எவ்வளவு என்று அறிய, ஒரு கரண்டி மணலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து எளிதில் கிடைக்காது. பதினோராவது படியில் இது உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பாத்தியை உயர்த்த வேண்டாம், தாழ்த்துங்கள்

காணொளிகளில் பார்க்கும் மேட்டுப்பாத்தி, மழை மிகுந்த களிமண் ஊர்களுக்கானது. இங்கே மேடு போட்டால் கச்சான் நான்கு பக்கமும் உலர்த்திவிடும். தரைமட்டத்திலிருந்து நான்கு விரல் பள்ளமாக, மூன்றடி அகலத்தில் பாத்தி எடுத்து, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள். மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் மிதிப்பீர்கள்.

கொத்தும்போது ஒரு முழ ஆழத்தில் காவோலையையும் தென்னை மட்டையையும் ஒரு வரிசை புதைத்துவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல மக்கும். பிளாஸ்டிக் விரிப்பைப் புதைக்காதீர்கள். உப்பு கீழே இறங்க வழியில்லாமல் வேரடியிலேயே தங்கும்.

மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்வான மனை என்றால் மட்டும் வரப்பின் ஒரு மூலையில் நீர் வெளியேற வாய்மடை வைத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் இரண்டு மழை பாத்திக்கு, செடிக்கு இல்லை

வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கோடை முழுவதும் மண்ணின் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பை மேல்மண்ணில் விட்டுப் போகிறது. அதைக் கழுவ நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல நீர் மழைநீர். வரப்பு கட்டிய வெறும் பாத்தியில் மழை நின்று இறங்கினால் உப்பு வேருக்குக் கீழே போய்விடும். அதற்கு முன்பே நட்டால் உப்பு இருக்கும் மண்ணில் பிஞ்சு வேர் விடுகிறது. வரப்பு இல்லாமல் விட்டால் மழை வழிந்து தெருவுக்குப் போகிறது.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது ஆடியில் மழையோ ஆற்றுநீரோ கிடைக்கும் ஊர்களுக்குப் பொருந்தும். நமக்கு ஆடி கச்சான் மாதம். நம் மழை வடகிழக்குப் பருவத்தில், பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து வருகிறது. ஆடியில் விதைத்துக் கருகியவர்கள் தங்கள் கை ராசியில்லை என்று முடிவு கட்டிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கைக்கும் ராசிக்கும் இதில் தொடர்பே இல்லை.

7. நாற்றங்கால்

நாற்றைப் புரட்டாசியில் தொடங்குங்கள். குண்டு மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள் பிடிக்கும். ஆகவே மாதப் பிறப்பில் மிளகாய், நடுவில் கத்தரி, கடைசியில் தக்காளி என்று விதைத்தால் எல்லாம் ஐப்பசியில் ஒன்றாக நடவுக்கு வரும்.

நாற்றுக்கு ஊற்றுவது மழைநீரோ சேர்த்துவைத்த நல்ல நீரோ மட்டுமே. பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சுவது முளைக்கும் வயதில்தான். வளர்ந்தபின் தாங்கும் நீரைக்கூட முளையில் தாங்காது.

மிளகாயில் குண்டு மிளகாயையே முதலில் எடுங்கள். இந்த மண்ணில் தலைமுறைகளாக விளைந்து வந்த வகை. 2023ல் புவிசார் குறியீடும் பெற்றது. பீன்ஸ், கேரட் இரண்டும் உப்புக்கு முதலில் விழுபவை. முதல் ஆண்டில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

8. நடவு

இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, தூறல் விட்ட ஒரு மாலையில் நடுங்கள். கத்தரிக்கு இரண்டடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி. கொத்தவரையையும் தட்டைப்பயற்றையும் நேராகவே விதைக்கலாம். முருங்கைக்குத் தண்ணீர் தேங்காத மூலையைக் கொடுங்கள்.

மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்து நடுகிறவர்கள் பாரின் உச்சியில் நடாதீர்கள். உப்பு ஈரத்தோடு ஏறி உச்சியில்தான் சேரும். சரிவின் நடுவில் நடுங்கள். நட்டதும் ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வாடை அசைத்துக்கொண்டே இருந்தால் புதுவேர் அறுந்துபோகும்.

நடவு முடிந்த பத்தாம் நாள், மூன்று விரல் கனத்துக்குக் காவோலைத் துண்டுகளால் மூடாக்கு போடுங்கள். முன்கூட்டியே போட்டால் மழைக்கால ஈரத்தில் நத்தை பதுங்கி இளந்தண்டைத் தின்னும்.

9. பாசனம்: இலையில் ஊற்றாதீர்கள், மண்ணைக் காயவிடாதீர்கள்

மழை நின்று தை பிறந்ததும் கிணற்றுநீர் தொடங்கும். உப்புநீரைப் பூவாளியில் இலைமேல் தெளித்தால் நீர் உலர்ந்து உப்பு இலையில் தங்கி ஓரம் தீயும். எப்போதும் தூரில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றுங்கள்.

மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றலாம் என்ற பொது அறிவுரை இங்கே கேடு. மண் காயக் காய, இருக்கும் ஈரத்தில் உப்பு அடர்த்தியாகிறது. கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வெயில் நாள்களில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்பது நல்ல கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, சேர்ந்த உப்பைக் கீழே தள்ளுங்கள்.

பானைப் பாசனம் நம் மண்ணுக்கு மிகவும் பொருந்துகிறது. ஐந்து லிட்டர்ப் பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சிரட்டையால் மூடுங்கள். சுற்றிலும் ஒரு சாண் தூரத்துக்குள் நான்கு செடிகள். பானை கசியும் ஈரத்தை நோக்கி வேர் வந்து பானையைக் கட்டிக்கொள்ளும். சென்ற பங்குனியில் ஒரு பானையைப் பெயர்த்தபோது, கத்தரி வேர்கள் அதன்மேல் வலை பின்னியதுபோல் ஒட்டியிருந்தன. பானைக்கு வெளியே ஒரு முழம் தள்ளித்தான் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நிரப்பினால் போதும். ஆண்டுக்கொரு முறை எடுத்து மழைநீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் அடைபட்ட துளைகள் திறந்துகொள்ளும்.

10. உரம்

மாதம் ஒருமுறை செடிக்கு ஒரு கை மக்கிய எரு. அதோடு மீன் அமினோ. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை எடுத்து, காற்றுப்புகாத வாளியில் 30 முதல் 40 நாள் வைத்து வடிகட்டுங்கள். லிட்டருக்கு 5 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். உப்பில்லாத நீரில்தான் கலக்க வேண்டும். பச்சை மீன் கழிவை நல்ல நீரில் அலசிய பிறகே வெல்லத்தில் போடுங்கள். கருவாட்டுக் கழிவு கூடவே கூடாது, அத்தனையும் உப்பு.

11. இலையைப் பார்த்த பிறகு கையை நீட்டுங்கள்

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஒரு கத்தரி இலையோடு வந்தார். “தம்பி, உரம் போதவில்லை போலிருக்கிறது, யூரியா கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டார். இலையின் நடு பச்சை. நுனியும் ஓரமும் மட்டும் தீயில் வாட்டியதுபோல் பழுப்பு. அடி இலைகளில் அதிகம், கொழுந்தில் இல்லை. பாத்தியில் மூடாக்கை விலக்கினால் மண்மேல் வெள்ளைப் பூப்பு. “அக்கா, உரம் போடாதீர்கள். இரண்டு நாள் தொட்டியில் இருக்கும் மழைநீரை நிறைய விடுங்கள்” என்றேன். யூரியாவும் உப்பைப் போலவே வேரை வாட்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பத்து நாளில் வந்த புதுக்கொழுந்து ஓரம் தீயாமல் விரிந்தது.

அடி இலையில் ஓரம் கருகினால் மண்ணில் உப்பு. நல்ல நீர் விட்டு இறக்குங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் அது காற்று கொண்டுவந்த உப்பு. மழைநீரால் இலையைக் கழுவி, தட்டியைச் சரிசெய்யுங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. எலுமிச்சைச் சாற்றில் நுரைத்த மண்ணில் இதை எதிர்பார்க்கலாம். எருவைக் கூட்டுங்கள். தீராவிட்டால் வேளாண் கடையில் கிடைக்கும் இரும்பு நுண்ணூட்டத்தை உறையில் சொன்ன அளவில் இலைமேல் தெளியுங்கள்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

12. சித்திரைக்குப் பிறகு

சித்திரையில் கிணற்றுநீரை மறுபடி அளங்கள். எண் 1,000ஐத் தாண்டியிருந்தால் தக்காளியையும் மிளகாயையும் அத்தோடு முடித்துக்கொண்டு, அந்த நீரைக் கொத்தவரைக்கும் முருங்கைக்கும் கொடுங்கள். விதைக்கு விட்ட மிளகாய்ப் பழங்களை நிழலில் உலர்த்திச் சாம்பல் புரட்டிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கடற்காற்றின் ஈரம் பட்டால் விதை முளைப்புத் திறனை இழக்கும். காலியான பாத்தியை வெறுமையாக விடாமல் ஓலையால் முழுவதும் மூடுங்கள். மூடிய மண்ணில் ஆவியாவது குறையும், உப்பும் மேலே ஏறாது. புரட்டாசி பிறந்ததும் ஓலையை விலக்கி, சரிந்த வரப்பைக் கட்டி, பாத்தியை மழைக்குத் திறந்துவிடுங்கள்.